பெயரை எழுதிவைத்தவர்: வில்லியம் ஸ்டில்லும் அவருடைய பேரேடும்

1856 மே 31 அன்று, பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஒரு தந்தி போனது. இரண்டு மணிக்கு வழியாகப் பெரிய பன்றித்தொடை நான்கும் சிறியது இரண்டும் அனுப்பியிருக்கிறேன் என்றது அந்தத் தந்தி. அனுப்பியவர் ஜோசப் பஸ்டில். வடக்கு ஐந்தாம் தெருவில் இருந்த ஓர் அலுவலகத்தில் அதைப் பிரித்துப் படித்தவர் வில்லியம் ஸ்டில். தந்தி அலுவலக ஊழியருக்கு அது இறைச்சிக் கடைக்காரர்களின் கொடுக்கல் வாங்கல். ஸ்டில்லுக்கு அதன் பொருள் வேறு: நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், ஆறு பேரும் அடிமைத்தளையிலிருந்து தப்பி ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்கள். 'வழியாக' என்ற ஒரு சொல் எந்த ஊரின் பெயரும் இல்லாமல் அந்த வாக்கியத்தில் தனியே நின்றது. அதற்கும் அவர்களுக்குள் ஒரு பொருள் இருந்தது. வழக்கமான தடத்தில் வரவில்லை, ரெடிங் வழியாக வருகிறார்கள் என்பதே அது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை வடக்குக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் கொண்டுசேர்த்த ரகசிய வலைப்பின்னலுக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். நிலத்தடியில் தண்டவாளம் எதுவும் கிடையாது. ரயில்வே சொற்களை மறைமொழியாக வைத்துக்கொண்டார்கள். தங்க இடம் தரும் வீடு 'நிலையம்', வழிகாட்டி 'நடத்துநர்', தப்பி வருகிறவர் 'பயணி'. ஒருவர் பிடிபட்டால் பத்துப் பேர் சிக்குவார்கள் என்பதால் எதையும் காகிதத்தில் வைக்காமலிருப்பதே இந்த வேலையின் முதல் ஒழுங்கு. பிலடெல்பியாவில் ஸ்டில்லுக்கு முந்தைய தலைமுறையில் இதே பணியை நடத்திய ராபர்ட் பர்விஸ் தரப்பின் பதிவுகள் அச்சத்தால் அழிக்கப்பட்டுவிட்டன. அடிமைத்தளையிலிருந்து தப்பிப் புகழ்பெற்ற பேச்சாளரான ஃபிரெடெரிக் டக்ளஸ், தான் எப்படித் தப்பினார் என்பதைப் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. தப்பிக்கும் வழிகளைப் பெருமைக்காகப் பகிரங்கப்படுத்துகிறவர்கள் இன்னும் தளையில் இருப்பவர்களுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று கடிந்துகொண்டவர் அவர்.

தந்தியில் மனிதர்களைப் பன்றித்தொடை என்று எழுதும் அளவுக்கு எச்சரிக்கையாக இருந்த அதே கூட்டத்தில்தான் வில்லியம் ஸ்டில் ஒரு பேரேட்டைத் திறந்துவைத்து, வந்தவர் ஒவ்வொருவரின் உண்மைப் பெயர், வயது, உயரம், நிறம், உடைமையாளரின் பெயர், விட்டுவந்த மனைவி மக்களின் பெயர், இனி வைத்துக்கொள்ளப்போகும் புதுப் பெயர் என எல்லாவற்றையும் எழுதினார். அது கைப்பற்றப்பட்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். அதற்கான காரணத்தை அவருடைய தாயின் வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

ஸ்டில்லின் பெற்றோர் இருவரும் மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை லெவின் உழைத்துப் பணம் சேர்த்துத் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்குப் போனார். தாய் சிட்னிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்கு குழந்தைகளுடன் தப்பி ஓடிக் கணவரிடம் சேர்ந்தார். அடிமை வேட்டையர்கள் தேடி வந்து ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிட்னி இரண்டாவது முறையும் தப்பினார். இம்முறை நான்கு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பெண் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பையன்கள் லெவின், பீட்டர் இருவரையும் விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அந்த முடிவை எடுத்த இரவின் பாரத்தை எந்த வரலாற்று நூலாலும் அளந்து சொல்ல முடியாது. ஆத்திரமடைந்த உடைமையாளர் பையன்கள் இருவரையும் தெற்கே விற்றுவிட்டார். முதலில் கென்டக்கி, பிறகு அலபாமாவின் பருத்தி வயல்கள்.

நியூ ஜெர்சியில் சிட்னி தன் பெயரைச் சாரிட்டி என்று மாற்றிக்கொண்டார். குடும்பப் பெயர் ஸ்டீல் என்பது ஸ்டில் ஆனது. பர்லிங்டன் மாவட்டத்தின் பைன் காட்டுப் பகுதியில் சிறு நிலம், விறகு வெட்டு, விவசாயம் என்று வாழ்ந்தார்கள். 1821 அக்டோபரில் அவர்களுக்குப் பதினெட்டாவது குழந்தையாக, கடைக்குட்டியாகப் பிறந்தவர் வில்லியம். பள்ளிக்கூடம் போனது மிகக் கொஞ்சம். பெரும்பாலும் தாமாகவே படித்துக்கொண்டார். அண்ணன்களில் ஒருவரான ஜேம்ஸ், மூலிகை வைத்தியம் கற்று அந்த வட்டாரத்தில் புகழ்பெற்ற மருத்துவர் ஆனார். தான் ஒருமுறைகூடப் பார்த்திராத இரண்டு அண்ணன்களைப் பற்றித் தாய் சொல்வதைக் கேட்டபடியே வில்லியம் வளர்ந்தார்.

1844இல் அவர் பிலடெல்பியாவுக்கு வந்தார். வட மாநில நகரங்களிலேயே பெரிய கறுப்பினச் சமூகம் அங்கேதான் இருந்தது. 1850இல் சுமார் 20,000 பேர். சுதந்திர நகரம் என்று பேர்தான். 1838இல் பென்சில்வேனியா கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்தது. அதே ஆண்டு மே மாதம், அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தை, திறந்த நான்காம் நாளே ஒரு கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. அப்படிப்பட்ட ஊரில், 1847இல், பென்சில்வேனியா அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் ஸ்டில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டிப் பெருக்குவதும் தபால்களைக் கட்டுவதும் அவர் வேலை. சம்பளம் வாரத்துக்கு மூன்றே முக்கால் டாலர். அதே ஆண்டு லெட்டீஷியா ஜார்ஜ் என்ற தையல்காரப் பெண்ணை மணந்தார். இந்தப் பெண்மணியைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

1850 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், சங்கத்தின் வார இதழைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பத் தாள்களை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார் ஸ்டில். ஐம்பது வயதை நெருங்கிய ஒருவரை யாரோ அழைத்துவந்தார்கள். அலபாமாவிலிருந்து வருகிறார், பெயர் பீட்டர். டஸ்கம்பியா ஊரில் ஜோசப், ஐசக் ஃபிரீட்மன் என்ற யூத வியாபாரிகள் இருவர், வெளியாருக்குத் தாங்கள் வாங்கியதுபோல் காட்டிக்கொண்டு, பீட்டரே சிறுகச் சிறுகச் சேர்த்த 500 டாலரில் அவருடைய விடுதலைக்கு வழிசெய்திருந்தார்கள். இப்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சின்னஞ்சிறு வயதில் பிரிந்த தாய் தந்தையைத் தேடி வந்திருக்கிறார். கையில் முகவரி இல்லை, குடும்பப் பெயர் தெரியாது. பெற்றோரின் முதற்பெயர்கள் மட்டும் நினைவிருந்தன. லெவின், சிட்னி.

தாள் மடித்துக்கொண்டிருந்த இளைஞருக்குக் கை நின்றுபோனது. எதிரே நிற்பவர் தன் அண்ணன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. ஒருவேளை தவறாக இருந்தால்? மேலும் மேலும் கேள்விகள் கேட்டார். பீட்டருக்கோ சந்தேகம் தட்டியது. இவ்வளவு கேட்கிற இவன் யார், மறுபடி பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறானோ என்று அஞ்சினார். உண்மையைச் சொன்ன பிறகும் அவரால் எளிதில் நம்ப முடியவில்லை. அன்று மாலை நகரத்தில் இருந்த சகோதரி வீட்டுக்கும், பிறகு நியூ ஜெர்சியில் இருந்த தாயிடமும் அவரை அழைத்துப்போனார்கள். சாரிட்டிக்கு அப்போது எண்பது வயதை ஒட்டி இருக்கும். தந்தை இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அண்ணன் லெவின் அலபாமாவிலேயே இறந்துவிட்டார். மனைவியைப் பார்க்க அனுமதியில்லாமல் போனதற்காகக் கிடைத்த சவுக்கடியில் நொறுங்கிய உடம்பு, அதன் பிறகு தேறவே இல்லை.

பீட்டர் அந்தக் கதவைத் தட்டியது தற்செயல். வேறொரு நாள் வந்திருந்தாலோ, இரண்டு பெயர்களில் ஒன்றை மறந்திருந்தாலோ அந்தத் தாய் மகனைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார். அடிமைச் சந்தை மனிதர்களை விற்றபோது உறவுகளின் சரடையும் அறுத்துப்போட்டது. இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போய்விட்டால், விடுதலை பெற்ற மனிதர்கூடத் தன் சொந்தத் தங்கையைத் தெருவில் கடந்துபோய்விடுவார். இனி வருகிறவர்களின் விவரங்களை விடாமல் குறித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் தனக்கு உறுதிப்பட்டது இந்தச் சந்திப்பால்தான் என்று ஸ்டில் பின்னாளில் எழுதினார். என் பார்வையில், நிலத்தடி ரயில்பாதையின் வரலாற்றில் துணிச்சலான ஓட்டங்கள் எத்தனையோ உண்டு என்றாலும், ஒரு கிளார்க் தன் மேசையில் உட்கார்ந்து எடுத்த இந்த முடிவும் அவற்றுக்கு நிகரானது.

பீட்டரின் கதை அங்கே முடியவில்லை. அவருடைய மனைவி வைனாவும் மூன்று பிள்ளைகளும் அலபாமாவில் அடிமைகளாகவே இருந்தார்கள். சேத் காங்க்லின் என்ற வெள்ளையர், அவர்களை மீட்டுவரத் தாமாகவே முன்வந்தார். 1851இல் அங்கே போய், நால்வரையும் ஒரு சிறு படகில் ஏற்றி, டென்னஸி ஆற்றில் பல நாள் துடுப்புப் போட்டு, ஒஹையோவைக் கடந்து இண்டியானா வரை கொண்டுவந்துவிட்டார். வின்சென்ஸ் அருகே பிடிபட்டார்கள். குடும்பம் அலபாமாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. காங்க்லினின் உடல், சங்கிலி பூட்டிய நிலையில், தலையில் காயத்துடன் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. நால்வருக்கும் உடைமையாளர் கேட்ட விலை 5,000 டாலர். பீட்டர் ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொல்லிப் பணம் திரட்டினார். 1854 முடிவதற்குள் அந்தத் தொகையைச் சேர்த்துக் குடும்பத்தை மீட்டார்.

பீட்டர் வந்துசேர்ந்த அடுத்த மாதமே, 1850 செப்டம்பரில், தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிறைவேறியது. இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் ஸ்டில்லின் பணியின் கனத்தை உணர முடியாது. ஒருவரைச் சுட்டிக்காட்டி 'இவன் என் அடிமை' என்று உடைமையாளரோ அவருடைய ஆளோ சொன்னால், கூட்டாட்சி ஆணையர் விசாரிப்பார். ஜூரி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் வாய் திறந்து சாட்சி சொல்ல முடியாது. அடிமைதான் என்று ஒப்படைத்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். வடக்கில் பிறந்து வளர்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவரைக்கூட இந்தச் சட்டத்தைக் காட்டி இழுத்துப்போக முடிந்தது. பென்சில்வேனியாவை எட்டிவிட்டால் போதும் என்ற நிலை மாறி, கனடா எல்லையைத் தொட்டால்தான் மூச்சுவிடலாம் என்றானது.

இந்தச் சூழலில், 1852 டிசம்பரில், செயலிழந்து கிடந்த பிலடெல்பியா விழிப்புக் குழுவைப் புதுப்பித்தார்கள். நால்வர் கொண்ட அதன் செயற்குழுவுக்கு ஸ்டில் தலைவர். தெற்கிலிருந்து வருகிறவர்களை வரவேற்பது, தங்கவைப்பது, உடுப்பும் செருப்பும் வாங்கித் தருவது, காய்ச்சலுக்கு மருந்து பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுத்து நியூயார்க், ஆல்பனி, சிரக்யூஸ், எல்மைரா என்று அடுத்த நிலையத்துக்கு அனுப்புவது, நயாகரா தொங்கு பாலம் வழியாகக் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் போய்ச் சேர்ந்ததற்குக் கடிதம் வந்ததா என்று பார்ப்பது, எல்லாம் இந்தக் குழுவின் பொறுப்பு. சுரங்க வழிகளும் நள்ளிரவு விளக்குகளும் கதைகளில் அழகாக இருக்கும். நடைமுறையில் இந்தப் பாதை ஓடியது நன்கொடையிலும் ரசீதிலும் ரயில் கால அட்டவணையிலும்தான். பேரேட்டில் மனிதர்களின் கதைகளோடு தங்கும் செலவும் பயணச் செலவும் பதிவாகியிருப்பதன் காரணமும் அதுவே.

வந்தவரை உட்காரவைத்து ஸ்டில் பேசவைப்பார். ஏமாற்றுக்காரர்களும் உளவாளிகளும் வருவதுண்டு என்பதால் அது ஒருவகைக் குறுக்கு விசாரணையாகவும் இருந்தது. யார் வீட்டில் இருந்தாய், சாப்பாடு எப்படி, அடித்தார்களா, ஏன் இப்போது கிளம்பினாய், யாரை விட்டுவந்தாய்? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடைகளைப் படிக்கும்போதுதான் மனம் கனத்துப்போகிறது. ஒருவர் பின் ஒருவராக மனைவியின் பெயரையும் குழந்தைகளின் பெயர்களையும் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

லியர் கிரீன் என்ற பெண்ணின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பால்டிமோர் நகரில் வெண்ணெய் வியாபாரி ஒருவரின் வீட்டில் அடிமை. வயது சுமார் பதினெட்டு. வில்லியம் ஆடம்ஸ் என்பவர் அவளை மணக்கக் கேட்டார். அவள் தயங்கினாள். தளையில் இருந்துகொண்டு ஒரு மனைவியாக, தாயாக எப்படி வாழ முடியும்? தாய் அடிமை என்றால் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். கடைசியில் மாலுமிகள் வைத்திருக்கும் வகைப் பழைய மரப்பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். உள்ளே ஒரு மெத்தைப் போர்வை, ஒரு தலையணை, சில துணிமணிகள், கொஞ்சம் சாப்பாடு, ஒரு பாட்டில் தண்ணீர். அவளை உள்ளே படுக்கவைத்து மூடி, கயிற்றால் இறுகக் கட்டி, பிலடெல்பியா போகும் நீராவிக் கப்பலில் சரக்கோடு சரக்காக ஏற்றினார்கள். வருங்கால மாமியார் அடிமையல்ல, சுதந்திரமானவர். கறுப்பினத்தவர் என்பதால் கப்பலில் அவருக்கு மேல்தளத்தில்தான் இடம். அதுவே நல்லதாகப் போயிற்று. பெட்டி இருந்த இடத்துக்கு அருகிலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். இரவில் ஆள் அரவம் அடங்கிய பிறகு ஓரிருமுறை கயிற்றைத் தளர்த்தி மூடியைக் கொஞ்சம் தூக்கி உள்ளே காற்றுப் போகவிட்டார். பதினெட்டு மணி நேரம். பிலடெல்பியாவில் பெட்டி ஒரு நண்பர் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து அவள் ஸ்டில்லின் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பிடித்துக் கொடுத்தால் 150 டாலர் என்று உடைமையாளர் விளம்பரம் கொடுத்திருந்தார். லியர் கிரீன் எல்மைராவுக்குப் போய் வில்லியம் ஆடம்ஸை மணந்தாள். சுமார் மூன்று ஆண்டுகளில் இறந்துபோனாள். ஸ்டில் குறித்துவைத்திராவிட்டால், வெண்ணெய்க்காரர் கொடுத்த அந்த விளம்பரம் ஒன்றுதான் அவள் வாழ்ந்ததற்குச் சாட்சியாக மிஞ்சியிருக்கும்.

பெட்டிக்குள் தப்பி வந்தவர்களில் உலகறிந்தவர் ஹென்றி 'பாக்ஸ்' பிரவுன். 1849 மார்ச்சில் ரிச்மண்டிலிருந்து மூன்றடி நீளப் பெட்டி ஒன்றுக்குள் அடைபட்டு, பார்சல் சேவை வழியாகச் சுமார் 26 மணி நேரம் பயணம் செய்து இதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். மூடியைத் தட்டி 'நலமா?' என்று கேட்டவர்களுக்கு உள்ளிருந்து 'நலம், ஐயா' என்று பதில் வந்தபோது அந்த அறையில் இருந்த சிலரில் ஸ்டில்லும் ஒருவர். பிரவுனை அனுப்பிவைத்த ரிச்மண்ட் செருப்புக்கடைக்காரர் சாமுவேல் ஸ்மித், அடுத்த முயற்சியில் மாட்டிக்கொண்டு பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பிரவுனின் புகழோடு அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

ஹாரியட் டப்மன் இல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. தாமே அடிமைத்தளையிலிருந்து தப்பிய பின், மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தன் உறவினரையும் மற்றவர்களையும் அழைத்துவந்த அவர், பிலடெல்பியா வரும்போது ஸ்டில்லின் அலுவலகத்துக்கு வருவார். 1854 டிசம்பர் இறுதியில் தன் சகோதரர்கள் அடங்கிய ஒரு குழுவோடு வந்தார். வழியில் டெலவேர் மாநில வில்மிங்டனில் அவர்களை அனுப்பிவைத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இரும்பு வியாபாரி தாமஸ் காரெட், நடந்து நடந்து செருப்பு தேய்ந்து கழன்றுவிட்டது, வாங்கிக்கொள்ள இரண்டு டாலர் கொடுத்தேன் என்று பிலடெல்பியாவுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சகோதரர்கள் ஸ்டூவர்ட் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டதையும் ஸ்டில்லின் பேரேடு பதிவு செய்திருக்கிறது. டப்மனின் குடும்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தப் பக்கங்களைப் புரட்டியே ஆக வேண்டும்.

ஸ்டில் மேசையை விட்டு எழுந்து ஓடிய நாளும் உண்டு. 1855 ஜூலை 18 அன்று மாலை அவர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. நிகரகுவாவுக்கான அமெரிக்கத் தூதர் ஜான் வீலர் தன் அடிமை ஜேன் ஜான்சனையும் அவளுடைய இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு நகரத்து விடுதியில் இருக்கிறார். ஐந்து மணிப் படகில் கிளம்பப் போகிறார். அவள் விடுதலை வேண்டும் என்கிறாள். தகவல் விடுதிப் பணியாளர்கள் மூலம் வந்தது. பென்சில்வேனியா சட்டப்படி, உடைமையாளரே தன் அடிமையை இந்த மாநிலத்துக்குள் அழைத்துவந்தால், அந்த நொடியே அவர் சுதந்திர மனிதர். ஸ்டில்லும் குழுவின் வெள்ளை உறுப்பினர் பாஸ்மோர் வில்லியம்சனும் படகுத்துறைக்கு ஓடினார்கள். மேல்தளத்தில் வீலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜேனிடம், நீங்கள் விரும்பினால் இப்போதே எழுந்து வரலாம், சட்டம் உங்கள் பக்கம் என்றார்கள். அவள் எழுந்தாள். வீலர் தடுத்தார். துறைமுகத்தில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஐவர் துணைக்கு வந்தார்கள். தாயையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் ஸ்டில்.

இருவரையும் நீதிமன்றத்தில் நிற்க வைத்தார்கள். ஜேன் எங்கே என்று வில்லியம்சனிடம் கேட்டார்கள். அவர் என் பொறுப்பில் இல்லை என்றதற்கு, நீதிமன்ற அவமதிப்பு என்று சுமார் நூறு நாள் சிறையில் வைத்தார்கள். ஸ்டில் மீதும் ஐந்து தொழிலாளர்கள் மீதும் கலகம், தாக்குதல் வழக்கு. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, முகத்திரை அணிந்த ஒரு பெண் நீதிமன்றத்துக்குள் வந்தார். அது ஜேன் ஜான்சன். மறுபடி பிடிபட்டால் அடிமை வாழ்வு என்று தெரிந்தே வந்து, யாரும் என்னைத் தூக்கிப்போகவில்லை, என் விருப்பத்தால் போனேன் என்று சாட்சி சொன்னார். கூட்டாட்சிக் காவலர்கள் வெளியே காத்திருந்தார்கள். மாநிலக் காவலர்கள் துணையோடு அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். ஸ்டில் விடுதலையானார். தொழிலாளர்களில் இருவருக்கு மட்டும் சிறு தண்டனை. அந்த ஆண்டு வட மாநிலச் செய்தித்தாள்கள் வில்லியம்சனின் சிறைவாசத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதின. அந்தக் கோடையில் யாரையும்விட அதிகமாகத் துணிந்தவர் ஜேன் ஜான்சன் என்பது என் உறுதியான எண்ணம்.

லெட்டீஷியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அந்த ஆண்டுகளில் ஸ்டில்லின் வீடு ஒரு தங்கும் விடுதி. வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டது, நனைந்த துணியை உலர்த்திக் கொடுத்தது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது, இதற்கிடையே தையல் வேலை செய்து சம்பாதித்தது எல்லாம் லெட்டீஷியா. பேரேட்டிலோ பின்னால் வந்த பெரும் நூலிலோ அவருக்கு அதற்கேற்ற இடம் இல்லை. ஸ்டில்லிடம் எனக்குள்ள மனக்குறை இது. அவருடைய எழுத்தில் இன்னொரு உறுத்தலும் உண்டு. வருகிறவர்களின் நிறத்தையும் அறிவுத் திறனையும் அவர் மதிப்பிட்டு எழுதும் தொனி, அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்தின் தொனி. நூற்றுக்கணக்கான அந்நியர்களின் கதையைப் பொறுமையாகக் கேட்டவர், தன் வீட்டு அடுக்களையில் நின்றவரின் கதையை எழுதாமல் விட்டுவிட்டார்.

1859 அக்டோபரில், அடிமைமுறையை ஆயுதமேந்தி ஒழிக்க முயன்ற ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டார். தூக்குத் தண்டனைக்காகக் காத்திருந்த நாட்களில் அவருடைய மனைவி மேரி தங்கியது ஸ்டில் தம்பதியர் வீட்டில். ஆபத்து கதவருகே வந்த காலம் அது. பேரேடுகளையும் கடிதங்களையும் பிலடெல்பியாவின் லெபனான் கல்லறைத் தோட்டக் கட்டடத்தின் பரணில் ஒளித்துவைத்தார் ஸ்டில். எண்ணூறுக்கும் மேற்பட்ட உயிருள்ள மனிதர்களின் பெயர்கள் இறந்தவர்களின் தோட்டத்தில், வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடியும்வரை பத்திரமாக இருந்தன.

உள்நாட்டுப் போரின்போது சங்க வேலையை விட்டு, அடுப்பு வியாபாரம், பிறகு நிலக்கரி வியாபாரம் என்று இறங்கி நன்றாகவே முன்னேறினார். கறுப்பினப் படைவீரர்களுக்குப் பயிற்சி அளித்த வில்லியம் பென் முகாமுக்குப் பொருள் வழங்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1863 டிசம்பரில் அந்த முகாமிலிருந்து திரும்பும் வழியில் குதிரை டிராமில் ஏறினார். கட்டணத்தை வாங்கிக்கொண்ட நடத்துநர், உள்ளே உட்காரக் கூடாது, வெளி மேடையில் நிற்க வேண்டும் என்றார். பனிக் குளிர். நிற்க மறுத்து இறங்கி நடந்தார். வீட்டுக்கு வந்து செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். டிராம்களில் கறுப்பினத்தவரை ஒதுக்குவதை எதிர்த்து 1859இலேயே முதல் கடிதம் எழுதியவர், மனு, பிரசாரம், கூட்டம் என்று எட்டு ஆண்டுகள் விடவில்லை. 1867 மார்ச்சில் பென்சில்வேனியா அந்த ஒதுக்கலைச் சட்டத்தால் தடுத்தது.

1871இல் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தன் பணி முடிந்தது என்று கலையும் வேளையில், பேரேடுகளை நூலாக்க வேண்டும் என்று ஸ்டில்லைக் கேட்டுக்கொண்டது. 1872இல் 'தி அண்டர்கிரவுண்ட் ரயில்ரோட்' வெளிவந்தது. எண்ணூறு பக்கங்களை நெருங்கும் பெரும் நூல். கடையில் வைத்துக் காத்திருக்காமல், முகவர்களை வீடு வீடாக அனுப்பி விற்றார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.

அந்த நூல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் அதன் அருமை இருக்கிறது. போருக்குப் பிறகு உதவி செய்தவர்கள் பலர் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அவற்றில் தப்பி வந்தவர்கள் பெயரில்லாத நிழல்களாக வந்து, சூப் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதாநாயகர் கதவு திறந்த கருணையாளர். ஸ்டில்லின் நூலில் கதாநாயகர்கள் கதவைத் தட்டியவர்கள். அவர்களே திட்டம் போடுகிறார்கள், படகு தேடுகிறார்கள், கப்பல் கேப்டனிடம் பேரம் பேசுகிறார்கள், வேட்டை நாய்களைச் சமாளிக்கிறார்கள். கனடாவிலிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களை எழுத்துப்பிழைகளோடு அப்படியே அச்சிட்டார். வேலை கிடைத்துவிட்டது, இங்கே குளிர் கடுமை, என் மனைவியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்கும் கடிதங்கள். சாமுவேல் கிரீன் என்ற இளைஞர் 1854இல் ஸ்டில் வழியாகக் கனடா போனார். மேரிலாந்தில் இருந்த அவருடைய தந்தை, ஒரு போதகர், அடிமைமுறையைக் கண்டிக்கும் நாவல் ஒன்றை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்காக 1857இல் பத்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். தந்தையும் மகனும் ஒரே நூலில் இடம்பெறுகிறார்கள்.

ஸ்டில் 1902 ஜூலை 14 அன்று காலமானார். பிலடெல்பியாவை ஒட்டிய ஈடன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். மகள் கரோலின் 1878இல் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர்களில் ஒருவரானார். பேரேடு பிலடெல்பியாவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது, இணையத்தில் படிக்கலாம். தம் கொள்ளுப்பாட்டனார் எந்த ஊரிலிருந்து கிளம்பினார், என்ன பெயரோடு கிளம்பினார் என்று தேடுகிறவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

ஸ்டில் குடும்பம் 1850களில் வாழ்ந்த வீடு எது என்பது நீண்ட காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்: தெற்கு டெல்ஹி தெருவில், அந்நாளில் ரோனால்ட்சன் தெரு, ஓர் ஒடுக்கமான வரிசை வீடு. 2018இல் நகரத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அது சேர்ந்தது. அந்த முகவரியைக் காட்டிக்கொடுத்தது பழைய செய்தித்தாளில் வந்த ஒரு சின்ன விளம்பரம். லெட்டீஷியா தன் தையல் தொழிலுக்காகக் கொடுத்தது.